சுவரைப் பார்த்து நின்ற நான்கு போர்டுகள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒன்று நான். கல்லாப் பக்கத்தில் பில் புத்தகத்தோடு என் மனைவி மல்லிகா. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் சேகர். வீட்டுப் பெயர் எழுதின டைல்ஸ் வாங்க வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா. ரோடு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்த பழனிவேல். அவரோடு வந்த டெம்போ டிரைவர். டிரைவர் உள்ளே வரவில்லை, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். ஆனாலும் பேச்செல்லாம் அவர் காதில் விழுந்தது. இன்னொருவர் யாராவது இருந்திருப்பாரோ என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை, ஆறு பேர்தான்.

இந்தக் கணக்கை நான் எழுதி வைத்ததே யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில்தான். போலீஸ் கேட்கும், கோர்ட்டில் கேட்பார்கள் என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரும் கேட்கவில்லை.

போன மாசம் நம்ம போர்டு கடைக்காரர்கள் சங்கத்துத் தம்பிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். இனிமேல் எல்லார் பில் புத்தகத்திலும் ‘பாக்கித் தொகை செலுத்தாமல் போர்டு தரப்பட மாட்டாது’ என்று அச்சடிக்கப் போகிறார்களாம். அதை இத்தனை வருஷம் விடாமல் கடைப்பிடித்த ஆள் விருத்தாசலத்தில் நான்தான், அதனால் என் அனுபவத்தை எழுதிக் கொடுங்கண்ணே என்றார்கள். மூன்று பக்கம் போதும், கொஞ்சம் சந்தோஷமாக முடித்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். எட்டாங்கிளாஸோடு நின்றவன் நான். போர்டில் நாலு வார்த்தை எழுதுவது வேறு, இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவது வேறு. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் சந்தோஷமாக முடிந்தவை.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இடுப்பு போனது, எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை கிடைத்தது. அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடியின் இரண்டு பக்கமும் ஒரு கோடு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டும். நாலு வருஷம் கோடு தேய்த்தேன். சூளைக் கதவில் லோடு நம்பரைச் சாக்பீஸால் எழுதுவதும் என் வேலை. கம்பெனிக்குப் போர்டு மாட்ட வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, யார் எழுத்து என்று கேட்டிருக்கிறார். அவர்தான் மாஸ்டர். பாலக்கரையில் போர்டு கடை வைத்திருந்தார். என்னை அங்கே வேலைக்குக் கூப்பிட்டார். நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. களிமண் தூசியில் எனக்கு இருமல் வந்து, நெஞ்சுக்கோளாறு என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். தூசி இல்லாத இடமாக இருக்கும் என்று போனேன். அங்கே தின்னர் நாற்றம் இருந்தது. அதற்கும் பயந்தேன். ஆனால் அங்கேயே இருந்துவிட்டேன். தகரம் தேய்க்க ஒரு வருஷம், பிரைமர் அடிக்க ஒரு வருஷம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் விடக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெயின்ட் கடையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். தின்னரை இருமல் மருந்து பாட்டில் மூடியால் அளந்து கொடுப்பார். கத்த மாட்டார். என்னைப் போன்ற எடுபிடியைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். நாம் தப்புச் செய்துவிட்டால் இன்னும் மரியாதை கூடிவிடும். “கொஞ்சம் இங்க வந்து பாக்கறீங்களா” என்று அவர் மெதுவாகச் சொன்னால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவேன்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முழுப் பணமும் வந்த போர்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பாக்கி உள்ள போர்டு சுவரைப் பார்த்து நிற்கும். அதன் முதுகில் சாக்பீஸால் பாக்கித் தொகை எழுதியிருக்கும், எத்தனை அடி தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி. பார்ட்டி பணம் கொடுத்ததும் மாஸ்டரே ஈரத் துணியை எடுத்து அந்த எண்ணைத் துடைப்பார், அப்புறம் போர்டைத் திருப்புவார். துடைக்காமல் திருப்பக் கூடாது. திருப்பாமல் வாசல் தாண்டக் கூடாது.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை போடுகிறவர் வந்தார். மறுநாள் விடியற்காலை பூஜை. பாக்கியில் முன்னூறு ரூபாய் குறைந்தது. கூட அவர் மனைவியும் வந்திருந்தது. ரொம்ப நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, அந்த அம்மா காதுத் தோட்டைக் கழற்ற ஆரம்பித்தது. மாஸ்டர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, “தோடு வேணாம்மா. தோட்டுக்கு எனக்குக் கணக்குத் தெரியாது. காசா கொண்டாங்க” என்றார். மறுநாள் அந்தக் கடை போர்டு இல்லாமல் திறந்தது. கடைக்காரர் பிள்ளையின் சிலேட்டில் ‘இட்லி தோசை’ என்று எழுதி வாசலில் சாத்தியிருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு மாஸ்டர் மேல் கோபம் வரவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. எதைச் செய்தாலும் சரியா தப்பா என்று மனசுக்குள் அடித்துக்கொள்கிறவனுக்கு, யோசிக்கவே வேண்டாம் என்று ஒரு சட்டம் கிடைத்தால் அதுதான் சாமி.

ஜங்ஷன் ரோட்டில் நான் சொந்தக் கடை போட்டபோது முதலில் அந்தச் சட்டத்தை விட்டேன். புதுக்கடை, பார்ட்டி பிடிக்க வேண்டும். ஒரு ஃபைனான்ஸ்காரர் திட்டக்குடி, பெண்ணாடம், வேப்பூர் என்று கிளைகளுக்குப் பதினோரு போர்டு வாங்கிக்கொண்டு போனார். மொத்தமாகத் தருகிறேன் என்றார். ஆறு மாசத்தில் ஃபைனான்ஸையே மூடிவிட்டுப் போய்விட்டார். மல்லிகாவின் சங்கிலி அதில் போனது. அதற்கப்புறம் என் கடையிலும் போர்டுகள் சுவரைப் பார்த்து நின்றன. மாஸ்டரைவிடக் கெட்டியாக இருந்தேன். மச்சான் கடை போர்டே இரண்டு நாள் திரும்பி நின்றிருக்கிறது.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பு போய்விட்டது என்று நான் எழுதுவேன் என்று தம்பிகள் எதிர்பார்க்கலாம். எனக்குப் போகவில்லை. தகரத்தில் எழுதினபோது சம்பாதித்ததைவிட ஸ்டிக்கர் மெஷின் வாங்கின பிறகு அதிகம் சம்பாதித்தேன். கூடவே டைல்ஸில் வீட்டுப் பெயர் எழுதும் வேலையும் எடுத்தேன். பீங்கான் கம்பெனிப் பழக்கத்தில் அவர்கள் சூளையில் மேல் தட்டில் வைத்துச் சுட்டு வாங்குவேன். டைல்ஸில் எழுதின சிவப்பு மட்டும் சூடு ஒரு பிடி கூடினால் மண் நிறத்துக்குப் போய்விடும். சுட்டு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. இப்படி எதற்காவது கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிற ஆள் நான் என்பது தெரிய வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இப்போது அந்த நாலு போர்டுக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு தரைப்பாலத்தை இடித்துக் கட்டுகிற வேலை. ரோட்டைக் குறுக்கே வெட்டிவிட்டு, பக்கத்து வயலில் மண் போட்டு மாற்றுப் பாதை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு எச்சரிக்கைப் போர்டு வேண்டும் என்று பழனிவேல் வந்தார். இரும்பு ஸ்டாண்டோடு மொத்தம் ஒன்பதாயிரத்து நானூறு. அட்வான்ஸ் இரண்டாயிரம் கொடுத்தார்.

நல்ல வேலை செய்தேன். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கையால் தொடாமல் மஞ்சள் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டை ஒட்ட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து ரப்பர் பட்டையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் கொப்புளம் நிற்கும். அதைக் குண்டூசியால் குத்தி ஆற்ற வேண்டும். நான் ஒட்டினதில் கொப்புளம் இல்லை. மேலே கறுப்பில் ‘பாலம் வேலை நடக்கிறது’, கீழே அம்புக்குறி, ‘மாற்றுப் பாதை’. முடிந்ததும் ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த ஷீட் வந்த வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். டார்ச்சைக் கண்ணோடு சேர்த்து, நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் வண்டிக்காரனுக்குத் தெரிகிற மாதிரி நமக்குத் தெரியும். நாலும் பற்றிக்கொண்ட மாதிரி எரிந்தன. அப்புறம் நாலையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, முதல் போர்டின் முதுகில் 7400 என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் பழனிவேல் டெம்போவோடு வந்தார். முதலில் சொன்ன ஆறு பேரும் அங்கே இருந்தது அப்போதுதான்.

“அண்ணே, போர்டைக் குடுங்க. காலையிலயே ரோட்டை வெட்டிட்டோம். சனிக்கிழமை பில்லு பாஸாவுது, நானே கொண்டாந்து குடுக்குறேன்” என்றார்.

நான் திரும்பி நின்ற போர்டைக் கையால் காட்டினேன்.

“தெரியுதுண்ணே. ஏழாயிரத்து நானூறுக்கு நான் எங்க ஓடிடப் போறேன்?”

“நீங்க ஓட மாட்டீங்க. காசு ஓடிடும்” என்றேன்.

சேகர் சிரித்தான். டிரைவரும் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற பெருமை. மல்லிகா தலையைத் தூக்கி, “வெட்டிட்டாங்களாமே. குடுத்துடுங்களேன்” என்றாள். நீ பில்லைப் பார் என்றேன். டீச்சரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனிவேல் வாசல் பக்கம் போனார். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. “சரிண்ணே, செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கட்டும். போயிட்டு வரேன்” என்று காலி டெம்போவோடு போய்விட்டார்.

ரோட்டை வெட்டிட்டோம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்னென்னவோ கவலைப்பட்டேன். கடைப் பூட்டைச் சரியாகப் பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். டீச்சரம்மாவின் டைல்ஸில் சிவப்பு கொஞ்சம் மங்கலாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு ஆர்டரை ரத்து செய்துவிட்டால் நாலு போர்டையும் யார் தலையில் கட்டுவது என்று புரண்டு புரண்டு படுத்தேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி மட்டும் ஒரு கவலையும் வரவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பழனிவேல் வீட்டு வாசலில் நின்றார். கையில் பணம். எண்ணிப் பார்க்கச் சொல்லி நீட்டினார். கடையைத் திறங்கண்ணே, உடனே போர்டு வேணும் என்றார். முகம் சரியாக இல்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ராத்திரி ஒருத்தர் வண்டியோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார். பீங்கான் கம்பெனியில் சூளை ஆள், ஷிப்ட் முடிந்து டி.வி.எஸ்ஸில் வீட்டுக்குப் போனவர். பாலத்துக்குக் கட்டி வைத்திருந்த கம்பிக்கட்டு மேல் விழுந்திருக்கிறார். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், உயிர் இருக்கிறது, கால்தான் தேறாது என்கிறார்கள்.

கடையைத் திறந்தேன். ஈரத் துணியால் எண்ணைத் துடைத்தேன். அந்த நேரத்திலும் துடைத்துவிட்டுத்தான் திருப்பினேன். பழனிவேலும் டிரைவரும் நாலையும் ஏற்றினார்கள். அப்புறம் பழனிவேல் மட்டும் உள்ளே வந்தார்.

“ஒரு பில்லு போட்டுக் குடுங்கண்ணே. நேத்துத் தேதியில.”

எதற்கு என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

“நாங்க போர்டு வைக்கலன்னு வந்தா எங்களைக் கேப்பாங்க. ஏன் வைக்கலன்னு எங்களைக் கேட்டா, கடைக்காரர் குடுக்கலன்னு நாங்க சொல்லணும். அப்புறம் உங்களைக் கேப்பாங்க. எதுக்குண்ணே? நேத்துன்னு போட்டா ரெண்டு பேருக்குமே நல்லது.”

மிரட்டின மாதிரியே இல்லை. எனக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு கண்ணில் வந்தது. மல்லிகா அங்கே வாசலில் நிற்பது வந்தது. பில் புத்தகத்தை எடுத்தேன். முந்தின நாள் தேதி போட்டேன். ‘எச்சரிக்கைப் பலகை, நான்கு. முழுத் தொகையும் பெற்று, பலகைகள் ஒப்படைக்கப்பட்டன.’ கை நடுங்கியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை. எழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் வந்தது.

போலீஸ் வந்து போட்டோ எடுக்கும்போது நாலு போர்டும் நின்றிருந்தன. போர்டைக் கவனிக்காமல் வேகமாக வந்து விழுந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். பாலத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் போர்டு அப்புறம்தான் வந்தது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பில்லைக் காட்டினார்களாம். பழனிவேல் அடுத்த வருஷம் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். போகுமுன் ஒரு தடவை டீக்கடையில் பார்த்தேன். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

வீட்டில் மல்லிகா இதைப் பற்றி என்னிடம் சண்டை போடவில்லை. கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். முட்டி வலி என்றாள். கோயிலுக்குப் போகும்போது அந்த முட்டி வலிக்கவில்லை.

டீச்சரம்மா மட்டும் வந்தார்கள். ஒரு வாரம் கழித்து, டைல்ஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில். சிவப்பு மங்கலாக இருக்கிறது என்றார்கள். வேறு சுட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு வரவில்லை என்றார்கள்.

“அந்தப் பையன் விழுந்த அன்னிக்கு மத்தியானம் போர்டு உங்க செவுத்துல சாஞ்சிருந்துது. நான் பாத்தேன். இப்ப ஊரெல்லாம் வேற மாதிரி சொல்றாங்களே?”

நான் சேகர் பக்கம் பார்த்தேன். அவன் மெஷினை ஓடவிட்டான்.

“சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா” என்றேன்.

“சாயங்காலமா?”

“ஆமாங்கம்மா. நீங்க போன பிற்பாடு.”

டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆயிரம் பொய் கேட்டிருப்பார்கள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள். “நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லிட்டீங்க. அப்புறம் உங்க பாடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். டைல்ஸை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை.

விழுந்தவர் பெயர் கொளஞ்சி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பெயர் தெரியாமலேயே இரண்டு வருஷம் ஓட்டினேன். தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒதுங்கியே நடந்தேன். அவனே வந்தான். இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி, முட்டிக்குக் கீழே மடித்து ஊக்குக் குத்தின பேன்ட்டோடு, கடைப் படிக்கு முன்னால் நின்றான். எனக்கு யார் என்று கேட்கத் தேவைப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினான்.

“அண்ணே, இது உங்க கடை பில்லுதானே?”

“ஆமாம்பா.”

“இதுல நான் விழுந்த அன்னிக்குத் தேதி போட்டிருக்குது. அன்னிக்கே போர்டைக் குடுத்துட்டீங்களா?”

கண்ணாடியைத் தேடுவதுபோல் தேடினேன். கண்ணாடி என் முகத்தில்தான் இருந்தது.

“பில்லுல என்ன தேதியோ அன்னிக்குத்தான்” என்றேன்.

“இல்லண்ணே, நான் வரும்போது போர்டு இல்ல. ரெண்டு தார் டிரம்மு இருந்துது. நடுவுல எடம் இருந்துது. வண்டி போறதுக்குத்தான் வுட்டிருக்காங்கன்னு அதுல பூந்துட்டேன். வக்கீல் சொல்றாரு, போர்டு செஞ்ச கடைக்காரரு வந்து ஒரு வார்த்தை சொன்னா நஷ்டஈட்டு கேஸு நிக்கும்னு. இல்லன்னா ஒண்ணும் தேறாதாம்.”

இதைவிடத் தெளிவாக ஒருத்தன் கேட்க முடியாது. ஒரு வார்த்தை. பழனிவேல் ஊரிலேயே இல்லை. யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. ஆனால் பொய்த் தேதி போட்டதற்கு என்னை உள்ளே வைப்பார்களோ, கடைக்குச் சீல் வைப்பார்களோ என்று அந்த ஒரு நிமிஷத்தில் ஆயிரம் ஓடியது.

“நான் குடுத்தேன்பா. அவங்க மாட்டுனாங்களா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவன் ஜெராக்ஸை வாங்கி மறுபடி பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அப்ப நான்தான் பாக்கலியோ என்னமோ” என்றான். “சூளை ஓட்டையில நெருப்பைப் பாத்துட்டு வந்தா கொஞ்ச நேரத்துக்குக் கண்ணு அப்படித்தான்ணே இருக்கும். எல்லாம் கறுப்பாத் தெரியும்.”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, இன்றைக்கும். காலைப் பறித்தது கான்ட்ராக்டரும் நானும் சேர்ந்து. ஆனால் தன் கண்ணையே அவன் நம்பாமல் போனதற்கு நான் மட்டும்தான் காரணம். அந்த இடத்தில் போர்டு இல்லை என்று இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்தவன் அவன். அவனையும் நான் மாற்றிவிட்டேன்.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் கான்ட்ராக்டர் ஆட்கள் ஒரு தொகையைக் கொடுத்து, இனிமேல் கேஸ் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். செயற்கைக் கால் வாங்கவே அது சரியாகப் போனது என்று கேள்விப்பட்டேன். சூளை வேலையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், அது போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொட்டகை போட்டு, கம்பெனியில் கழித்துப் போடுகிற அகல், ஜாடி, பொம்மை எல்லாம் வாங்கி விற்கப் போகிறேன் என்று மறுபடி என் கடைக்குத்தான் வந்தான். ஒரு போர்டு வேண்டும் என்றான். வேறு கடைக்குப் போகக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்த போர்டு கடை நான் ஒருத்தன்தானாம்.

மூவாயிரத்து இருநூறு ஆகும் என்று சேகர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். நான் காசு வேண்டாம் என்றேன். கொளஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஓசியில் வாங்கின போர்டை மாட்டினால் கடை ஓடாது, கணக்கு எழுதிக்கங்கண்ணே என்று ஐந்நூறு கொடுத்தான். மீதியை மாசாமாசம் தருகிறேன் என்றான். அந்தப் போர்டை நான் சுவரைப் பார்த்து வைக்கவில்லை. காய்ந்த உடனே நானே ஆட்டோவில் கொண்டுபோய், ஏணி வைத்து ஏறி மாட்டிவிட்டு வந்தேன். சங்கிலி போன பிறகு சட்டத்தை மீறிப் பாக்கியோடு நான் கொடுத்த ஒரே போர்டு அது. மீறியிருக்க வேண்டிய நாளில் மீறவில்லை.

சங்கத்துத் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பில் புத்தகத்தில் அந்த வரியை அச்சடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம். எனக்குச் சங்கிலி போனது உண்மை, ஃபைனான்ஸ்காரர்கள் ஓடுவதும் உண்மை. ஆனால் இட்லிக் கடைப் போர்டும் வெட்டின ரோட்டுப் போர்டும் ஒன்றில்லை என்று எட்டாங்கிளாஸ் படித்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிந்தே இருந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் யோசிக்க வேண்டாம் என்பதால் பிடித்துக்கொண்டேன். இதை மலரில் போட்டால் கொளஞ்சி படிப்பான், இல்லை, அவன் மகள் படித்துச் சொல்லும். நீங்கள் போடாவிட்டால் நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பேன் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடையைச் சேகரிடம் விட்டுவிட்டு நான் வீட்டோடு இருக்கிறேன். கொளஞ்சி மட்டும் வீடு தேடி வருகிறான். நூறு ரூபாய், நூறு ரூபாயாக இதுவரை பதின்மூன்று தடவை கொடுத்திருக்கிறான். மழைக்காலத்தில் வர மாட்டான், கார்த்திகைக்கு அகல் விற்ற கையோடு வருவான். வேண்டாம்பா, விடு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். போன வாரம் வந்தான். மல்லிகா உள்ளே போய்விட்டாள். அவன் படி ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, சட்டைப் பையைத் துழாவி ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்தான்.

“கோச்சிக்காதீங்கண்ணே. உங்க காசை இவ்ளோ நாளு வச்சிருக்கேன். இந்த மாசம் இதுதான் இருக்குது.”

வாங்கிக்கொண்டேன். அவன் கணக்குப்படி இன்னும் ஆயிரத்து முன்னூற்று ஐம்பது ரூபாய் பாக்கி.